ஆளில்லாத அறை

பெங்களூரு பொம்மனஹள்ளியில் கவின் வேலை பார்க்கும் ஐ.டி. அலுவலகத்தின் தியான அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்குக்கு சுவிட்சும் கிடையாது. ஆள் அசைந்தால் எரியும். பத்து நிமிடம் அசைவில்லை என்றால் கூரையில் இருக்கும் சென்சார் அணைத்துவிடும். ‘நான்’ என்ற நினைப்பு உதிரும்வரை அசையாமல் உட்காரச் சொன்னார்கள் தியான வகுப்பில். ஒரு வருடமாகத் தினமும் மாலையில் வந்து உட்காருகிறான். மூக்கு அரிக்கும், முழங்கால் வலிக்கும். ஒரு நாள்கூட விளக்கு அணைந்ததில்லை. இன்று அணைந்திருக்கிறது. மூடிய இமைகளுக்குள் இருந்த செம்மை கறுத்துவிட்டது. ஏசி முனகுகிறது. ஹோசூர் ரோட்டின் ஹாரன்கள் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல் கேட்கின்றன. மூச்சு வந்து போகிறது, யாருடையதென்று தெரியவில்லை. மடியில் இருக்கும் கைகள் யாரோ வைத்துவிட்டுப் போனவைபோல் கிடக்கின்றன.

வெளியே செருப்புச் சத்தம் வந்து நிற்கிறது. துப்புரவு வேலை பார்க்கும் மரகதத்தின் குரல். “கதவுக்கு அடியில வெளிச்சமே இல்லண்ணா. பூட்டிடுங்க, இனி திங்கக்கிழமைதான்.”

“கவின் சார் இந்நேரம் உள்ளதான உக்காந்திருப்பாரு?” என்கிறார் செக்யூரிட்டி.

“அவரு இருந்தா லைட் எரியுமே.”

சாவி திரும்புகிறது. ‘நான் இருக்கேன்’ என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கவினின் உதடுகள் பிரிகின்றன. ஒரு வருடமாக உதிரட்டும் என்று காத்திருந்த அந்த முதல் சொல்லை இருட்டில் துழாவுகிறான். அது எங்கேயும் இல்லை.