ரிவர்ஸ் வேண்டாம்

“பழைய காருக்குப் புது எஞ்சின், ரேஸ் பிரேக், அகல டயர்... ட்ராக்கையே அசத்திடலாம் சார்!” என்றார் மெக்கானிக்.

“கியர்பாக்ஸையும் மாத்துங்க. ஆனா ரிவர்ஸ் கியர் வேண்டாம்.”

கார்ப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்த மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. “அப்புறம் வீட்டுலேருந்து வண்டியை எப்படி சார் வெளிய எடுப்பீங்க?”

“இனிமே வீட்டுக்கு வராது. இங்கேயே நிக்கட்டும், ட்ராக்குக்கு மட்டும் போகட்டும்.”

“ஏன், மேடம் திட்டுறாங்களா?”

“அவ என்கிட்ட பேசுறதே இல்லை.”

“அட, இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க? பாப்பாவைத் தூது விடுங்க சார். கோபமெல்லாம் பறந்துடும்.”

அவர் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நான் ரிவர்ஸ் எடுத்தப்போ, பாப்பா வண்டிக்குப் பின்னாடி தரையில உக்காந்து விளையாடிட்டிருந்தா.”