கடைசியாக வருகிறவள்

"இன்னைக்கும் நீதானா கடைசி? ஏண்டி சென்கா, உங்க வீட்டுல கடிகாரமே கிடையாதா?"

கோச் ராத்மிலா போட்ட சத்தத்தில், பந்து தட்டிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சென்கா பையை ஓரமாக வைத்துவிட்டு ஓடத் தொடங்கினாள்.

பான்செவோ நகரின் அந்தக் கூடைப்பந்து அணியில் அதுதான் சட்டம். பயிற்சிக்குக் கடைசியாக நுழைகிறவள் பத்துச் சுற்று ஓட வேண்டும். மறுநாள் எல்லோருக்கும் சூடாக, இறைச்சி வைத்துச் சுட்ட பூரெக் ரொட்டி வாங்கி வர வேண்டும். ரெண்டு மாதமாக சென்காதான் ஓடுகிறாள், அவள்தான் வாங்கி வருகிறாள். தின்று தின்று மற்றவர்களுக்கு இடுப்பு பெருத்ததுதான் மிச்சம்.

சட்டம் போட்டவள் கேப்டன் நெவேனா. பதினாலு வருஷமாக இந்த ஆட்டமே அவளுக்குப் பிழைப்பு. ரத்தப் புற்றுநோய் வந்து எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, இப்போது ரெண்டு மாதமாகப் பயிற்சிக்கு மட்டும் வருகிறாள். வந்த முதல் நாளே, "எனக்குன்னு யாராவது சலுகை காட்டினீங்க, அன்னிக்கே பனியனைக் கழட்டி வீசிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

"அவளைப் பாருடி!" ராத்மிலா நெவேனாவைக் கைகாட்டிக் கத்தினாள். "சாவை எட்டிப் பார்த்துட்டு வந்தவ, உனக்கு முன்னாடி வந்து நிக்கிறா. வெக்கமா இல்ல? நாளைக்கும் கடைசியா வந்தே, சனிக்கிழமை ஃபைனல்ல நீ கிடையாது!"

சொன்னதோடு விடவில்லை ராத்மிலா. மறுநாள் சென்காவைக் கையும் களவுமாகப் பிடிக்க, அரங்குக்கு வெளியிலேயே காத்திருந்தாள். கொஷாவா என்கிற குளிர்காற்று ஆளையே தள்ளியது.

எதிரே பத்திரிகைக் கடையின் விளம்பரத் தட்டிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஆறடி மூணு அங்குல சென்காவை அந்தத் தட்டி எப்படி மறைக்கும்?

"இங்க என்னடி பண்றே?"

"ஐயோ கோச், மெதுவா!" சென்காவுக்குப் பல் தந்தியடித்தது. "வந்து அரை மணி ஆச்சு. நெவேனா அக்கா இன்னும் வரல."

பஸ் நிறுத்தத்திலிருந்து நெவேனா வந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் நடப்பாள், நிற்பாள். ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்து மூச்சு வாங்குவாள். மற்றவர்கள் எப்போதோ உள்ளே போய்விட்டார்கள்.

"அவங்களால பத்துச் சுத்து ஓட முடியாது கோச். முடியலன்னு சொல்லவும் மாட்டாங்க, ஓடியே விழுந்துடுவாங்க." சென்கா கோச்சின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஃபைனல்ல நான் இல்லாட்டியும் பரவாயில்ல. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

இந்தப் பெண்ணையா ரெண்டு மாதமாகக் கரித்துக் கொட்டினோம் என்று ராத்மிலா தன்னையே திட்டிக்கொண்டாள்.

நெவேனா உள்ளே போனதும், "போடி கழுதை!" என்று சென்காவின் முதுகில் ஒன்று வைத்துத் துரத்தினாள். பிறகு எல்லோருக்கும் கடைசியாகத் தானே நுழைந்தாள்.

"கோச் கடைசி! பத்துச் சுத்து! நாளைக்கு பூரெக்!" அரங்கமே அதிர்ந்தது.

ஐம்பத்தேழு வயதில், எண்பத்தைந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு ராத்மிலா ஓடினாள். மூன்றாவது சுற்றிலேயே நாக்கு தள்ளியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் பாட்டிலை நீட்டிய நெவேனா, அப்படியே காதருகில் குனிந்தாள்.

"சென்கா அங்க நிக்கிறது எனக்கு முதல் நாளே தெரியும் கோச். அவகிட்ட சொல்லிடாதீங்க. அந்த முதல் வாரம் வழியில ஒம்பது இடத்துல நின்னு நின்னு வந்தேன், இன்னைக்கு நாலுதான். பாவம், பொண்ணு குளிர்ல விறைக்கிறாளேன்னு நினைச்சா, கால் தானா நடக்குது."