மூடிய காதுகள்

பூட்டன் வெள்ளைக்கண்ணு பட்டாளத்தில் சேர்ந்தபோது அங்கே எழுதிவைத்த அங்க அடையாளக் குறிப்பின் நகல் நேற்று தபாலில் வந்தது. "இரு காதுகளும் குத்தி வளர்க்கப்பட்டவை, துளையில் விரல் நுழையும்" என்று இருந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவரின் படங்களிலோ தலைப்பாகை காதுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

"வீட்டுக்குள்ளயும் கழட்டமாட்டாராமே, ஏன் பெரியப்பா?" என்று கேட்டேன்.

"பட்டாளத்துக்காரருடா. அது ஒரு மிடுக்கு."

"தூங்கும்போதுமா?"

பெரியப்பா நகலை மறுபடி படித்தார். தன் காதைத் தடவிக்கொண்டார்.

"காதுத் துளை தூர்ந்து போயிருக்கும்."

"விரல் நுழையிற துளையா?"

"நாளைக்கு உன் மவளுக்கு நம்ம குலசாமி கோயில்ல காதுகுத்து. இன்னைக்குப் போய் திரும்பி வந்தது யாருன்னு கிளறாத."

சொல்லும்போது அவர் கண் சுவரில் தொங்கிய சாவுப் படத்துக்குப் போனது. பூட்டனின் உடலை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம். அதில் மட்டும்தான் தலைப்பாகை கிடையாது. தாடையையும் உச்சியையும் சேர்த்துக் கட்டிய துணி வழக்கத்தைவிட அகலமாக இருந்தது. சுற்றி நிற்கும் எல்லோரும் அழுகிறார்கள். பூட்டி அழவில்லை. அந்தத் துணியை அவர் காதின்மேல் இழுத்துப் பிடித்தபடி, படமெடுப்பவனை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.