பாதித் தளம்

மிக்ஸர் நின்றுவிட்டது.

அவன் தளத்தின் நடுவில் நின்றான். முழங்கால் வரை சிமெண்ட் அப்பியிருந்தது. இடப்பக்கம் ஈரக் கான்கிரீட். வலப்பக்கம் வெறும் கம்பி.

தளம் போடத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இருபது வருடமாக மேஸ்திரி வேலை பார்க்கிறான். ஒருநாளும் பாதியில் நிறுத்தியதில்லை. ஒருமுறை நடுவில் மழை பிடித்துக்கொண்டபோது, ஆளுக்கொரு மூலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்க வைத்து முடித்தான்.

கீழே மிக்ஸர் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். வாயை மறைத்துக் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"ஆறு மணியோட எல்லாத்தையும் மூடணும். ஆளுங்கள அனுப்பிடு மேஸ்திரி."

"ரெண்டு மணி நேரம் சார். முடிச்சிடுவோம். பாதில வுட்டா ஒட்டாது. பின்னாடி அந்த எடத்துலதான் ஒழுவும்."

"ரெண்டு மணி நேரம் இல்லப்பா. அதுக்குள்ள பஸ்ஸே இருக்காது."

"எத்தினி நாளைக்கு சார்?"

போலீஸ்காரர் கைக்குட்டையைக் கொஞ்சம் இறக்கினார்.

"எனக்கும் மதியம்தான் சொன்னாங்க. மாசக் கடைசி வரைக்கும்னாங்க. அதுக்கு மேலயும் போகும்னு ஒருத்தர் சொல்றார்."

அவன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டான். நிறுத்தாதீங்க என்றார். போலீஸ் நிற்கிறார் என்றதும், நிறுத்திடுங்க என்றார். நீங்களே பார்த்து ஏதாவது செய்யுங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

நோய் வருகிறது என்று அவனுக்குத் தெரியும். டீக்கடையில் பத்து நாளாக அதே பேச்சு. அது கான்கிரீட்டின் நடுவில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

எட்டு ஆட்கள். எல்லோரும் போளூர்ப் பக்கம், அவனுடைய ஊர்.

யாரும் கிளம்பவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எந்த ஜல்லிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

இவர்களை அனுப்புவதா, இருக்கச் சொல்வதா? அதை யாரிடம் கேட்பது?

மலர்க்கொடி தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து உதறினாள். அவன் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவன் போடும் தளத்துக்கெல்லாம் அவள்தான் கலவை சுமக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் ஊரில், அவள் அம்மாவிடம்.

"கோயம்பேட்டுல பஸ் இருக்கறப்பவே போயிடணும்," என்றாள்.

"போயிட்டா இதுக்கு யாரு தண்ணி வுடுவா? பங்குனி வெயிலு. ரெண்டே நாள்ல வெடிச்சிடும்."

"அதுக்குன்னு?"

அவன் தளத்தைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். ஆட்கள் ஏறுவதற்கு ஒரு லோடு வண்டி வந்து நின்றிருந்தது. யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

"பிள்ளைங்களுக்கு நான் போறேன்," என்றாள் மலர்க்கொடி. "தளத்துக்கு நீ இரு."

கோபத்தில் சொன்னாளா, யோசித்துச் சொன்னாளா, அவனுக்குப் பிடிபடவில்லை. கேட்பதற்குள் ஏணியில் இறங்கிவிட்டாள்.

ஆட்களையும் அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டி போனது. அவள் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்காத மாதிரியும் இருந்தது.

மிக்ஸரில் கடைசிக் கலவை மிச்சமிருந்தது. அவன் தானே சட்டியில் அள்ளி, தானே ஏணியேறி, தானே கொட்டினான்.

போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன்," என்றார்.

மெதுவாகத்தான் போனார்.

அவன் கான்கிரீட்டின் விளிம்பைச் சாய்வாக இறக்கி முடித்தான். நாளைக்கு மிச்சம் போட்டால் பிடித்துக்கொள்ளட்டும் என்று கரண்டியால் அந்த முகத்தைச் சுரண்டிவிட்டான். நாளைக்கு என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. நாளைக்கு இல்லை என்பது அதற்கு ஏறவில்லை.

மறுநாள் காலையில் போட்டவரைக்கும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினான்.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. சிமெண்ட் மூட்டை அடுக்கிய கொட்டகையில் உட்கார்ந்தான். எழுந்தான். மேலே போய்த் தண்ணீரைப் பார்த்தான். மறுபடி வந்து உட்கார்ந்தான். ஒரு வேலையும் இல்லை. ஆனால் மூச்சு வாங்கியது.

தனக்கும் அந்த நோய் வந்துவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். வெயிலில் எல்லாமே சுட்டது.

மதியம் மலர்க்கொடி கூப்பிட்டாள்.

"வந்து சேந்துட்டோம். பஸ்ல நின்னுக்கினேதான் வந்தோம்."

"பசங்க?"

"ஸ்கூல்ல வச்சிருக்காங்க எங்கள. மெட்ராஸ்ல இருந்து வந்தவங்க பதினாலு நாளைக்கு ஊருக்குள்ள வரக் கூடாதாம்."

"பசங்களக் கேட்டேன்."

"ஸ்கூல் கேட்டுக்கு அந்தாண்ட நிக்குதுங்க. அம்மா இட்டாந்துச்சி."

அவள் போனை விலக்கி யாரையோ அதட்டுவது கேட்டது. எட்டப் போ, எட்டப் போ என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து அவன் கேட்டதில்லை.

"யார வெரட்டுற?"

"சின்னவள. கம்பியப் புடிச்சிக்கினு உள்ள வரேன்னு நிக்கிறா. தொடக் கூடாதுன்றாங்க. நான் வெரட்டுறதுல அழுவுறா."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நான் வந்தது சரிதானாய்யா?" என்றாள்.

அவன் அண்ணாந்து பார்த்தான். மேலே தளத்தில் நிறுத்திய தண்ணீர் ஒரு மூலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"சின்னவகிட்ட போனக் குடு," என்றான். "நான் பேசுறேன்."

மறுமுனையில் குழந்தையின் அழுகை கேட்டது.

"எப்புடிக் குடுக்கறது?" என்றாள்.