ஸ்லைடர் லேப்

"ஸ்லைடரை இழுத்தா சிக்னல் பிராசஸிங் வந்துடுமா, குளோரியா? அப்போ லிஃப்ட்ல பட்டன் அமுக்குறவன்லாம் இன்ஜினியரா?"

டென்சில் சிரித்தபடி தோசையைப் பிய்த்தான். பெங்களூரில் ஒரே கல்லூரியில் கணவனும் மனைவியும் ஒரே பாடம் நடத்துகிறார்கள்; அவன் கரும்பலகையில், அவள், திரையில் ஸ்லைடர்களை இழுத்துப் பழகும்படி தானே உருவாக்கிய ஆன்லைன் கம்ப்யூட்டர் லேபில். துறைத் தலைவரும் அவன்தான்.

"சும்னே, சும்மா டைம் வேஸ்ட். நாளைக்கு மீட்டிங்ல உன் லேபை மூடிடுறேன்."

இரண்டு வருட உழைப்பு. குளோரியா சட்னியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மூடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். 'கெஸ்ட்'னு நுழைஞ்சு ஒருத்தர், பாட்டுல இருக்குற இரைச்சலை வடிகட்டுற பயிற்சியைப் பத்தொன்பது தடவை பண்ணியிருக்கார். பத்தொன்பதும் தப்பு. என்ன பண்ணலாம்?"

"பத்தொன்பதா! அந்த மண்டூகத்தைக் காலேஜை விட்டே துரத்து."

"எப்படித் துரத்துறது? எல்லாமே நம்ம வீட்டு வைஃபையிலிருந்து வந்திருக்கு. வீட்ல இருக்குறது நாம ரெண்டே பேர்."

டென்சில் கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்தான்.

"மீட்டிங்கை அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்றான். "முதல்ல அந்தப் பயிற்சியை எனக்குச் சொல்லிக் குடு."