பத்மாவா, கெங்காவா?

“என் கணக்கு பத்மாவைத்தான் கூப்பிடும்!”

“என் அட்டைக்கட்டுல கெங்காதாங்க இருக்கா!”

1967. திண்டிவனம் வர்த்தமானன் கம்ப்யூட்டருக்காகத் துளை அட்டைகளில் எழுதிய ஏரி வெள்ளக் கணக்கும், அதற்கு விழுப்புரம் அரங்கநாதன் எழுதிய துணைக்கணக்கும் ஒட்டாமல், சென்னைக் கம்ப்யூட்டர் மூன்று தடவை காறித் துப்பிவிட்டது. வர்த்தமானன் தன் கணக்கில் கூப்பிடும் பெயரும் அரங்கநாதன் துணைக்கணக்குக்கு வைத்த பெயரும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஆனால் இருவரும் எழுதியிருந்தது சொந்த மனைவியின் பெயர்; அதை யார் விடுவது?

இன்று கடைசி வாய்ப்பு. தவறினால் இருவரையும் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

சென்னைக்குப் போகும் ரயிலில் வர்த்தமானன் தன் அட்டைக்கட்டைத் தட்டிக் காட்டினார். “பேஜாரே வாணாம், சார். எங்க வூட்ல ஒரு மாசம் சோறு போடாட்டியும் பரவால்லன்னு, என் அட்டையில கெங்கான்னு மாத்திக்கினு வந்துட்டேன்.”

அரங்கநாதன் தன் அட்டைக்கட்டை அவசரமாகப் பிரித்துப் பார்த்தார்.

“அய்யய்யோ! நானு பத்மான்னு மாத்திக்கினு வந்துட்டேனே!”