காஹ்யா

சிறுமி வாயைத் திறக்க மறுத்தாள்.

செர்வினாஸ் அவள் தாடையை மெல்லப் பிடித்தாள். உஸ்குதார் நகரத்து மாளிகையின் சாவிகள் எல்லாம் செர்வினாஸின் இடுப்பில்தான் தொங்கும். சமையற்கட்டு, துணிமணி, விருந்து, வேலைக்காரிகள் என்று எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பவள். அந்தப் பொறுப்புக்குப் பெயர் காஹ்யா.

புதிதாக வாங்கப்போகும் அடிமைப் பெண்களின் பல்லையும் மூச்சையும் பார்ப்பதும் காஹ்யாவின் வேலைதான்.

சிறுமியைக் கொண்டுவந்த தரகுக்காரி ஹுர்முஸ் திண்டில் சாய்ந்து காப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

பாரசீகப் பாடம் முடிந்து, வீட்டு மருமகள் மெதீஹா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"காஹ்யாம்மா, உங்க பட்டத்துக்கு அர்த்தம் தெரியுமா? பழைய பாரசீகச் சொல்லாம். கெத்னா வீடு, ஹுதான்னா உடையவன். கெத்ஹுதா! நம்ம ஜனங்க வாயில தேஞ்சு தேஞ்சு காஹ்யா ஆயிடுச்சாம். அப்ப இது உங்க வீடு. நாங்கதான் ஒண்டிக்கிட்டிருக்கோம்!"

ஹுர்முஸ் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. செர்வினாஸும் சிரித்து வைத்தாள்.

சிறுமி அவளைப் பார்த்து ஏதோ கேட்டாள். மலைநாட்டுப் பேச்சு. துருக்கி மொழியில் ஒரு சொல்கூடச் சிறுமிக்கு வராது.

"சொல்லுங்க, வீட்டுக்கு உடையவங்களே! எடுத்துக்கலாமா?" என்றாள் மெதீஹா.

நெஞ்சில் சளி, தேற மாட்டாள் என்று சொல்லிவிட்டால் சிறுமி இந்த வாசலோடு திரும்பிவிடுவாள். செர்வினாஸ் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள்.

ஹுர்முஸ் முந்திக்கொண்டாள்.

"வேணாம்னா தாராளமா சொல்லிடுங்க. துறைமுகத்துல ஒரு கப்பல்காரன் கேட்டுட்டே இருக்கான். அவன் பல்லெல்லாம் பார்க்க மாட்டான்."

செர்வினாஸின் கை தாடையிலிருந்து நழுவியது.

"எடுத்துக்கலாம், சின்னம்மா."

மெதீஹா கைதட்டினாள். என்ன பெயர் வைக்கலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கினாள்.

சிறுமி செர்வினாஸின் சட்டைக் கையைப் பற்றி இழுத்தாள். முன்பு கேட்டதையே மறுபடி கேட்டாள், இந்த முறை அழுதுகொண்டே.

ஹுர்முஸ் சலித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை பதில் சொன்னா வாயை மூடும்ல, காஹ்யாம்மா? ரெண்டு பேரும் ஒரே மலைதானே. உங்களை இந்த வீட்டுக்குக் கொண்டாந்து வித்ததே எங்கம்மாதானே!"

மெதீஹா திரும்பிப் பார்த்தாள். "அப்படியா? என்ன கேக்கறா அவ?"

செர்வினாஸ் முழங்காலிட்டு, சிறுமியின் முகத்தருகே காதைக் கொண்டுபோனாள். கேள்வியின் முடிவில் குரல் ஏறி விழுவது தெரிந்தது. அம்மாவின் குரலும் இப்படித்தான் ஏறி விழும். அது மட்டும் நினைவிருந்தது.

இந்தச் சிறுமியைவிடச் சின்னவளாக இருந்தபோது வந்தவள் அவள். சிறுமி கேட்டதில் ஒரு சொல்கூட இப்போது விளங்கவில்லை.

"தண்ணி கேக்கறா, சின்னம்மா," என்றாள்.

தண்ணீர் வந்தது.

சிறுமி அதைத் தொடவில்லை. செர்வினாஸின் கண்ணையே பார்த்து, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, திரும்பவும் கேட்டாள்.